அச்சம் நீங்கிய பணியிடம்

சில ஆண்டுகளுக்கு முன் வட இந்திய நகரம் ஒன்றிலிருந்து ஓர் அன்பர் ஆசிரமத்திற்கு வந்திருந்தார். இயந்திர உதிரி பாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கு அவர் மேலாளர். ஏறக்குறைய அறுபது பேர் அவருக்குக் கீழே பணிபுரிந்தனர். பேச்சினிடையே தம் மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"சுவாமிஜி, என் பிரிவில் எந்தப் பிரச்சினையும் இல்லை. வாராந்தரக் கூட்டத்தில் ஒருவரும் குறை சொல்வதில்லை. நான் கேட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் பதில் வருகிறது. ஆனாலும் இந்த ஓராண்டில் நல்ல திறமைசாலிகள் நான்கு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். காரணம் கேட்டால், 'சொந்தக் காரணம் சார்' என்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை."

நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "ஒரு கெட்ட செய்தியை, நீங்கள் கேட்காமல், யாராவது தாமாகவே வந்து உங்களிடம் சொன்னது கடைசியாக எப்போது?"

அவர் நெடுநேரம் யோசித்தார். அப்படி ஒரு நாள் அவர் நினைவுக்கு வரவில்லை. அவருடைய பிரச்சினை அங்கேதான் இருந்தது.

நஞ்சு எது?

மனிதர்களை உள்ளூர வாடச் செய்யும் பணியிடத்தை ஆங்கிலத்தில் 'டாக்ஸிக்' என்று குறிப்பிடுகிறார்கள். 'நச்சுத்தன்மை கொண்ட' என்று அதைத் தமிழாக்குகிறோம். அந்தச் சொல்லின் மூலம் கிரேக்க மொழியில் இருக்கிறது. வில்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, அம்பின் நுனியில் பூசப்படும் நஞ்சை அது குறித்தது. அம்பு உண்டாக்கும் காயம் சிறிதாக இருக்கலாம். உயிரைக் குடிப்பது அதன் நுனியில் பூசியிருப்பதுதான். அலுவலகத்திலும் அப்படியே. ஒரு கடுஞ்சொல், ஓர் ஏளனச் சிரிப்பு, பலர் முன்னிலையில் ஒரு தலைக்குனிவு ஆகியவை தனித்தனியே பார்த்தால் சிறியவை. ஆனால் அவற்றின் நுனியில் ஒட்டியிருக்கும் அச்சம் உள்ளே இறங்கி, பல நாள் வேலை செய்கிறது.

எது நஞ்சு அன்று என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கடின உழைப்பு நஞ்சு அன்று. கண்டிப்பும், குறித்த நாளில் வேலையை முடிக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் நஞ்சு அல்ல. மிகவும் கண்டிப்பான மேலாளரிடம் மனமகிழ்ச்சியோடு வேலை செய்பவர்கள் உண்டு. எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் நஞ்சு நிறைந்திருப்பதும் உண்டு. ஓர் இடத்தில் உண்மையைச் சொல்வது ஆபத்தாகவும், வாய்மூடி இருப்பது லாபமாகவும் எப்போது மாறுகிறதோ, அப்போது அங்கே நஞ்சு புகுந்துவிட்டது. புறங்கூறுதல், கோஷ்டி சேர்தல், பிறர்மேல் பழிபோடுதல், முகஸ்துதி, திறமைசாலிகள் விலகிப்போதல் ஆகிய மற்றவை பெரும்பாலும் இதன் விளைவுகளே. நேராகச் சொல்ல முடியாத உண்மை சுற்றுவழியில் வெளிவருகிறது.

ஆகவே மேலாளரின் முதற் கடமை இது: கெட்ட செய்தி தம்மிடம் வந்து சேரும் வழியை அடைபடாமல் காப்பது. இரண்டு நிகழ்ச்சிகள் இதை விளக்கும். இரண்டுமே விண்வெளித் துறையில் நடந்தவை. ஒன்று நம் நாட்டில், மற்றொன்று அமெரிக்காவில்.

ஸ்ரீஹரிகோட்டாவில் இரு நாட்கள்

1979 ஆகஸ்ட் 10. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர் டாக்டர் அப்துல் கலாம். ஏவுவதற்குச் சில நிமிடங்களே இருந்தபோது, கட்டுப்பாட்டு அமைப்பில் கோளாறு இருப்பதாகக் கணினி தெரிவித்து, ஏவுதலை நிறுத்தி வைத்தது. அருகிலிருந்த வல்லுநர்கள், கவலைப்பட வேண்டியதில்லை என்று கருத்துத் தெரிவித்தனர். கலாம் கணினியைத் தவிர்த்துவிட்டு ஏவுகலத்தைச் செலுத்த முடிவு செய்தார். முதற் கட்டம் நன்றாக இயங்கியது. இரண்டாம் கட்டத்தில் ஏவுகலம் கட்டுப்பாட்டை இழந்து வங்கக் கடலில் விழுந்தது.

பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் கடலுக்குள் போயிற்று. செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் பேராசிரியர் சதீஷ் தவன். அவர் கலாமைத் தம்முடன் அழைத்துச் சென்று, தாமே செய்தியாளர்களைச் சந்தித்தார். தோல்வியை ஒப்புக்கொண்டார், அதற்கான பொறுப்பைத் தாமே ஏற்றார். தம் குழுவினர்மீது முழு நம்பிக்கை இருப்பதாகவும், அவர்கள் அடுத்த முறை வெற்றி பெறுவார்கள் என்றும் கூறினார்.

ஓராண்டு நிறைவதற்குள், 1980 ஜூலை 18 அன்று, எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் செலுத்தியது. அன்றும் செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். இம்முறை தவன் பேசவில்லை. கலாமிடம், செய்தியாளர் கூட்டத்தை அவரே நடத்துமாறு சொல்லிவிட்டார். தோல்வியைத் தலைவர் சுமந்தார், வெற்றியைக் குழுவுக்குக் கொடுத்தார் என்று கலாம் தம் வாழ்நாள் முழுவதும் மேடைதோறும் இதை நினைவுகூர்ந்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் பெருந்தன்மைக்கு உதாரணமாகவே சொல்கிறோம். பெருந்தன்மைதான், ஐயமில்லை. ஆனால் அதற்குள் ஒரு நிர்வாக நுட்பமும் இருக்கிறது. 1979இல் நடந்தது உண்மையான தோல்வி. கணினி எச்சரித்தும் மேற்கொண்டு செல்லும் முடிவை மனிதர்கள் எடுத்தார்கள். அன்று தலைவர் ஒருவரைச் சுட்டிக்காட்டியிருந்தால், மறுநாளிலிருந்து ஒவ்வொரு பொறியாளரும் தம்மைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் இறங்கியிருப்பார். கோளாற்றின் காரணத்தைத் தேடுவதற்குப் பதில், அது தம் பகுதியில் இல்லை என்று நிரூபிப்பதே அவரவர் வேலையாகியிருக்கும். பழியின் சுமையைத் தலைவர் வாங்கிக்கொண்டதால் குழுவினரின் அறிவு முழுவதும் காரணத்தைத் தேடும் பணிக்குக் கிடைத்தது.

அனுப்பப்படாத ஒரு கடிதம்

இரண்டாவது நிகழ்ச்சி நம் நெஞ்சைச் சுடுவது. 2003 ஜனவரி 16 அன்று 'கொலம்பியா' விண்வெளி ஓடம் புறப்பட்டது. அதிலிருந்த எழுவரில் ஹரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். புறப்பட்ட சுமார் 82 வினாடிகளில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப்பொருளின் ஒரு துண்டு பிய்ந்து, ஓடத்தின் இடது இறக்கையைத் தாக்கியது. மறுநாள் படச்சுருளைப் பார்த்த பொறியாளர்கள் கவலை கொண்டார்கள். விண்ணில் இருக்கும் ஓடத்தின் இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கோரினார்கள். மூன்று முறை இத்தகைய கோரிக்கை எழுந்தது. ஒருமுறைகூட அது நிறைவேறவில்லை.

பொறியாளர் ஒருவர் தம் கவலையை மிகக் கடுமையான சொற்களில் மின்னஞ்சலாக எழுதினார். உடன் பணிபுரிபவரிடம் காட்டினார். ஆனால் மேலதிகாரிகளுக்கு அனுப்பவில்லை. படிநிலையைத் தாண்டிச் செல்லத் தயங்கினார். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில், தரையிறங்க ஏறக்குறைய 16 நிமிடங்கள் இருக்கையில் ஓடம் சிதறியது. எழுவரும் உயிரிழந்தனர்.

விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. நுரைத்துண்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அந்நிறுவனத்தின் பணிப் பண்பாட்டுக்கும் உண்டு என்று அக்குழு முடிவு கூறியது. ஓடம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று கேட்கவேண்டிய இடத்தில், அது பாதுகாப்பற்றது என்பதற்குப் பொறியாளர்களிடம் சான்று கேட்கப்பட்டது. 1986 ஜனவரியில் 'சேலஞ்சர்' ஓடம் வெடித்தபோதும் இதையொத்ததே நடந்திருந்தது. கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தைய இரவு எச்சரித்த பொறியாளர்களின் குரல் மேலே செல்லும் வழியில் அடங்கிப்போயிற்று. 17 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த வழி சீராகவில்லை.

அந்த மேலாளர்கள் கொடியவர்கள் அல்லர். யாரையும் துன்புறுத்த அவர்கள் எண்ணவில்லை. கால அட்டவணை நெருக்கியது, முன்பும் நுரைத்துண்டுகள் விழுந்து ஒன்றும் ஆகாதிருந்தது, கூட்டங்கள் விரைந்து முடிந்தன. நச்சுச் சூழல் உருவாகத் தீய மனிதர்கள் தேவையில்லை. கேட்பதற்கு நேரமில்லாத நல்ல மனிதர்களே போதும்.

குறைகள் கூடினால் நல்லதா?

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கு அதற்கு நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. மேலும் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. அக்குழுவினர் தங்கள் தவறுகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். மற்ற இடங்களில் தாதியர் அச்சத்தால் மறைத்தார்கள். இந்தச் சூழலுக்கு 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரைக் கொண்டு 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை நிர்வாகவியலில் இன்று பெரிதும் பேசப்படுகிறது.

குறைகளே வராத மேஜையைக் கண்டு மேலாளர் மகிழக் கூடாது என்பதே இதன் பாடம். நோய் இல்லாததாலும் வலி தெரியாமல் இருக்கலாம். நரம்பு மரத்துப்போனதாலும் தெரியாமல் இருக்கலாம்.

மேலாளர் செய்யத்தக்கவை

முதலாவது, கெட்ட செய்தியை ஏற்கும் விதம். தவறு ஒன்றை ஊழியர் வந்து சொல்லும்போது மேலாளர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் மிக முக்கியமானது. 'யார் செய்தது?' என்பது முதல் வாக்கியமானால், அடுத்த செய்தி வராது. 'சொன்னதற்கு நன்றி, இப்போது என்ன செய்யலாம்?' என்பது முதல் வாக்கியமானால் வழி திறந்திருக்கும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் பணியாளர் எவரும் குறை கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத்தலைவர் அவரிடம் ஓடி வருவார். குறை உரிய நேரத்தில் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். கயிறு கட்டுவது எளிது. அதை இழுத்தவரை யாரும் முறைத்துப் பார்க்காமல் இருப்பதில்தான் அந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது.

இரண்டாவது, கூட்டம் நடத்தும் முறை. மேலாளர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டால், பிறகு வருவன எல்லாம் அதன் எதிரொலிகளே. இளையவர் முதலில் பேசட்டும், மூத்தவர் பின்னர், மேலாளர் கடைசியில். 'ஏதாவது பிரச்சினை உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்பதே எளிய பதில். 'இத்திட்டம் தோற்றால் எந்த இடத்தில் தோற்கும்?' என்று கேளுங்கள். அப்போது குறையைச் சொல்வதே கேட்ட கேள்விக்கான விடையாகிவிடும். மறுத்துப் பேசுவதாக யாருக்கும் தோன்றாது.

மூன்றாவது, தவறையும் தவறியவரையும் பிரித்துப் பார்த்தல். எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. அறியாமல் நேர்ந்த பிழை, முறையே சரியில்லாததால் நேர்ந்த பிழை, வேண்டுமென்றே செய்த பிழை ஆகிய மூன்றும் வேறு வேறு. முதலாவதற்குப் பயிற்சி தேவை, இரண்டாவதற்கு முறையைத் திருத்த வேண்டும், மூன்றாவதற்கு நடவடிக்கை வேண்டும். மூன்றுக்கும் ஒரே தண்டனை கொடுப்பவர் நேர்மையாளரையும் மறைக்கக் கற்றுக்கொடுக்கிறார். கண்டிப்பதைத் தனிமையில் செய்வதும், பாராட்டைப் பெயர் சொல்லிப் பலர் முன்னிலையில் செய்வதும் பழைய நெறிகளே. இன்றும் அவை மீறப்படுவதால் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காவது, திறமையுள்ள கொடுமைக்காரரைப் பொறுத்துக்கொள்ளாமை. பல அலுவலகங்களில் இப்படி ஒருவர் இருப்பார். விற்பனையில் முதலிடம், ஆனால் கீழே உள்ளவர்களை இழிவாகப் பேசுவார். அவருடைய எண்களைக் கண்டு மேலாளர் கண்ணை மூடிக்கொள்கிறார். அவரால் விலகிப்போன ஐந்து பேரின் திறமை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மேலாளர் எதைப் பேசுகிறார் என்பதைவிட எதைச் சகித்துக்கொள்கிறார் என்பதைப் பார்த்தே ஊழியர்கள் அந்நிறுவனத்தின் கொள்கையைப் புரிந்துகொள்கிறார்கள்.

ஐந்தாவது, மேலிருந்து வரும் நெருக்கடியை அப்படியே கீழே இறக்காமை. பிரான்ஸ் நாட்டின் ஒரு பெரும் தொலைபேசி நிறுவனம், 2006 முதல் மூன்று ஆண்டுகளில் 22,000 பேரைக் குறைக்க இலக்கு வைத்தது. பலரை நேரடியாக நீக்க முடியாத நிலையில், அவர்களாகவே விலகும்படி பணிச்சூழல் கடுமையாக்கப்பட்டது. பணியாளர் பலர் மனமுடைந்தனர், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2019 டிசம்பரில் பாரிஸ் நீதிமன்றம், அந்நிறுவனத்தையும் அதன் முன்னாள் தலைமை அதிகாரிகளையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஒரு தனி மனிதர் மற்றொருவரைத் துன்புறுத்துவது மட்டுமன்றி, நிர்வாகக் கொள்கையே துன்புறுத்தலாக முடியும் என்பதை அத்தீர்ப்பு உலகுக்கு உணர்த்தியது. இடைநிலை மேலாளர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளத்தக்கது இது. முடியாத இலக்கு வரும்போது, 'இது முடியாது, இன்ன காரணத்தால் முடியாது, இவ்வளவு முடியும்' என்று மேலே சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். தம் மேலதிகாரியிடம் உண்மை பேச அஞ்சுபவரிடம் அவர் கீழ் உள்ளவர்கள் உண்மை பேசமாட்டார்கள்.

ஆறாவது, சட்டத்தை மதித்தல். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிகளைத் தொடர்ந்து, 2013இல் நம் நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்புகார்க் குழு இருக்கவேண்டும். மூத்த பெண் அலுவலர் ஒருவர் அதற்குத் தலைமை வகிக்கவேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும், வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர் வேண்டும். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்கவேண்டும். குழு காகிதத்தில் மட்டும் இருந்து, அதன் உறுப்பினர் யாரென்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியாதிருந்தால், இங்கே உண்மைக்கு இடமில்லை என்ற அறிவிப்பாகவே ஊழியர்கள் அதைக் கொள்வார்கள்.

எனக்குக் கிடைத்த பாடம்

இவற்றையெல்லாம் எழுதும் நான் இதில் தவறியவன் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் மொழிபெயர்த்த கட்டுரை ஒன்றில் ஒரு வாக்கியம் விடுபட்டிருப்பதைப் பிழைதிருத்தும் இளைஞர் ஒருவர் ஒருமுறை சுட்டிக்காட்டினார். அச்சுக்கு அனுப்பவேண்டிய கடைசி நாள் அது. "இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சற்றுக் கடுமையாகக் கேட்டுவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிழை என்னுடையது, மன்னிப்புக் கேட்டவர் அவர். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதங்களுக்குப் பின் வேறொரு கட்டுரையில் ஓர் ஆண்டு தவறாக அச்சாகிவிட்டது. அவரை அழைத்து, "நீங்கள் கவனிக்கவில்லையா?" என்றேன். "கவனித்தேன் மகராஜ். நீங்கள் பார்த்துத்தான் எழுதியிருப்பீர்கள் என்று இருந்துவிட்டேன்" என்றார். அந்தப் பதிலில் பணிவு இருந்தது. பணிவுக்கு அடியில் அச்சம் இருந்தது, அதை அங்கே வைத்தவன் நான். துறவியின் காவி உடையும் அதற்குத் தடையாக இருக்கவில்லை. 'எனக்குத் தெரியும்' என்ற எண்ணம் எந்த உடைக்குள்ளும் குடியிருக்கும். அகங்காரத்தைப் பற்றிப் பல பக்கங்கள் மொழிபெயர்த்திருக்கிறேன். அது எவ்வளவு சிறிய வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். அந்த இளைஞரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் மீண்டும் தயங்காமல் குறை சொல்லத் தொடங்கப் பல மாதங்கள் ஆயின. ஒரு நிமிடத்தில் அடைபடும் வழி, திறக்க நெடுநாள் பிடிக்கிறது.

ஒரு கடிதம்

தொடக்கத்தில் குறிப்பிட்ட அன்பர் ஓராண்டு கழித்துக் கடிதம் எழுதியிருந்தார். கூட்டங்களில் தாம் கடைசியாகப் பேசத் தொடங்கியதையும், முதல் சில மாதங்கள் ஒருவரும் வாய்திறக்காமல் வெறும் மௌனமாகவே கழிந்ததையும் தெரிவித்திருந்தார். பிறகு ஒரு நாள் இளம் பொறியாளர் ஒருவர் எழுந்து, பரிசோதனைப் பதிவேட்டில் அளவுகள் சில சமயம் அளக்கப்படாமலே எழுதப்படுகின்றன என்று சொல்லியிருக்கிறார். எட்டு மாதங்களாக அது நடந்து வந்திருக்கிறது. 'அறுபது பேருக்கும் தெரிந்திருக்கிறது சுவாமிஜி, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை முதல் வேலையாக அவரிடம் போய் நன்றி சொன்னேன்' என்று எழுதியிருந்தார். கூட்டங்கள் முன்போல இனிமையாக இல்லை என்றும், இப்போதெல்லாம் நீண்டுவிடுகின்றன என்றும் கடிதத்தின் முடிவில் குறைப்பட்டிருந்தார். அந்தக் குறையைப் படித்து நான் மகிழ்ந்தேன்.

சிந்தனைக்கு

பொறுப்பில் இருக்கும் அன்பர்கள், அது அலுவலகமாயினும் பள்ளியாயினும் குடும்பமாயினும், இவ்வாரம் ஒருநாள் அமைதியாக அமர்ந்து கீழ்வரும் கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

1. சென்ற மாதத்தில் என்னிடம் ஒருவர் தாமாக வந்து சொன்ன கெட்ட செய்தி என்ன? அப்போது என் முதல் வாக்கியம் எது?

2. என் கருத்துக்கு மாறாகக் கடைசியாகப் பேசியவர் யார்? அதன்பின் அவரிடம் நான் எப்படி நடந்துகொண்டேன்?

3. நல்ல பலன் தருகிறார் என்பதற்காக, யாருடைய கடுமையை நான் கண்டும் காணாமல் இருக்கிறேன்?

4. என் மேலதிகாரியிடம் சொல்லவேண்டியிருந்தும் நான் சொல்லாமல் வைத்திருக்கும் உண்மை எது?

விடைகளை வேறு யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. நான்காம் கேள்விக்கு ஒரு விடை தோன்றினால், அதை இந்த வாரமே உரியவரிடம் சொல்லிவிடுவது நல்லது.